நிழலை நிறுத்திய காப்டன் டிரைப்

மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிற் குளத்தின் மேற்கரையில், விளக்கேற்றும் வேளையொன்றில், நாமும் நம் தோழர் இருவரும் ஒரு காமிராவை முக்காலியின்மேல் நிறுத்தி அதனைச் சூழ்ந்து நின்றோம். காமிராவின் கண்ணை இமைப்பொழுதில் மூடிவிடாது, 30 வினாடி திறந்தே வைத்திருந்தால் எத்தகைய படம் கிடைக்கும் என்பதை அறிய வேண்டுமென்பது நம் அவா. முதன்முறை, தோழருள் ஒருவர் தம்மை மறந்து முக்காலியின்மீது கையூன்றினார். கோபுரம் இரண்டாகத் தோன்றிற்று. இரண்டாம் முறை, வெளிச்சம் மிகுந்து படம் முழுதும் வெளுத்தது. மூன்றாம் முறை எடுத்த படமே படமெனத் தக்கதாயிற்று. கோபுரம் தெளிவாக நின்றது. குளத்து நீர் கண்ணாடியாய் விரிந்தது. ஆயின் எதிர்க்கரையில் அவ்வேளையில் நடந்து சென்ற நூற்றுக்கணக்கானோருள் ஒருவரையும் காணோம்! படிக்கட்டில் அசையாது அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் மட்டும் படத்தில் எஞ்சியிருந்தார்.

மறுவாரம் தியாகராய நகர் சென்று, ரங்கநாதன் தெருவை ஒரு கட்டடத்தின் மாடியினின்று அவ்வாறே எடுத்தோம். அத்தெருவின் நெரிசலைச் சென்னையில் அறியாதார் இலர். படத்திலோ ஜனத்திரள் ஓர் ஆற்றின்மேற் படர்ந்த மூடுபனி போலக் காணப்பட்டது. அப்பனியின் ஓரத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மையார் ஒருவரின் முகம் மட்டும் விளங்கிற்று. ஓயாது இயங்கிய அவர் கைவிரல்களும் மறைந்துபோயின. அடையாற்று முகத்துவாரத்திலும் அப்படியே. அலைகள் அனைத்தும் வெண்புகையாயின, கரையும் பாலமுமே நின்றன.

இப்படங்கள் நமக்கு வியப்பினோடு ஓர் ஐயத்தையும் தந்தன. இருந்தவர்களை இல்லாதவர்களாக்கும் இப்படம் மெய்யா, பொய்யா? இவ்வையத்தோடு நூல்நிலையத்திற் பழம்படங்களைப் புரட்டி வந்தபொழுது, 1858ஆம் ஆண்டில் எடுத்த மதுரைப் புதுமண்டபத்தின் படமொன்று கண்ணிற் பட்டது. எஞ்ஞான்றும் மக்கள் நடமாடும் அம்மண்டபத்தின் நடைவழி அப்படத்தில் வெறிச்சென்று கிடந்தது. தூண்கள் மட்டுமே அணிவகுத்து நின்றன. அதனை எடுத்தவர் காப்டன் லின்னேயஸ் டிரைப் என்பவர். தென்னாட்டின் பழஞ்சின்னங்களை ஆராய்வோர் அனைவரும் இன்றும் போற்றும் அவருடைய வரலாற்றை, நம் கல்லூரி அன்பர்களுக்குச் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

அவர் வரலாற்றிற் புகுமுன், அக்கலை அந்நாளில் இருந்த நிலையைச் சிறிது அறிதல் நலம். ஒளியைக் கொண்டு உருவத்தை நிலைநிறுத்தும் முயற்சியில் முதல் வெற்றி கண்டவர் பிரான்சு தேசத்து நியெப்ஸ் என்பவர். 1826ஐ ஒட்டி அவர் தம் வீட்டுச் சாளரத்தினின்று எடுத்த காட்சிக்குப் பல மணி நேரம் வெளிச்சம் வேண்டியிருந்தது. அவருடைய கூட்டாளியான டாகேர், 1838இல் பாரிஸ் மாநகரின் பெருவீதி ஒன்றைப் படமெடுத்தார். வண்டியும் குதிரையும் மக்களுமாக நிறைந்திருந்த அவ்வீதி படத்தில் ஆளற்றதாய்த் தோன்றியது. பாதரட்சைக்கு மெருகிடுவித்துக்கொண்டு ஓரிடத்தில் நின்ற ஒருவர் மட்டும் அதிற் பதிந்தார். மயிலைக் குளத்துப் படிக்கட்டு முதியவரும் ரங்கநாதன் தெருப் பூக்கார அம்மையாரும் அவருக்கு உறவினரே எனலாம்.

இங்கிலாந்தில் தால்பட் என்பவர் 1841இல் வேறொரு முறைக்கு உரிமை பெற்றார். காலோடைப்பு என்பது அதன் பெயர். தாளில் வெள்ளியுப்பைப் பூசி, காமிராவில் வைத்து ஒளி படச் செய்து, பின்னர் மருந்திட்டால், ஒளி கறுப்பாகவும் நிழல் வெளுப்பாகவும் மாறிய ஒரு படம் தோன்றும். இதுவே நெகடிவ். இதனை வேறொரு தாளின்மேல் வைத்து வெயிலிற் காட்டினால் உண்மையான படம் கிடைக்கும். ஒரு நெகடிவினின்று எத்தனை படங்களும் எடுக்கலாம். ஆயினும் அத்தாள் மந்தமான இயல்புடையது. நல்ல வெயிலிலும் அது சில நிமிஷங்கள் ஒளியை வேண்டி நிற்கும். இருண்ட மண்டபங்களுக்கோ இன்னும் மிகுதியாக வேண்டும். நாம் விளையாட்டாகச் செய்த நெடுநேரப் பதிவு, அந்நாளைக் கலைஞருக்குத் தவிர்க்கவியலாத நிலையாக இருந்தது.

லின்னேயஸ் டிரைப் 1822ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 14ஆம் நாள், இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் நாட்டுத் துறைமுகமாகிய டெவன்போர்ட்டிற் பிறந்தார். உடன்பிறந்தார் பலருடைய பெரிய குடும்பம் அது. 1838இல், நம்மினும் இளைய வயதிலேயே, கிழக்கிந்தியக் கம்பெனியின் சேனையிற் சேர்ந்தார். சென்னை மாகாணத்துச் சுதேசிக் காலாட்படையின் 12ஆம் பிரிவில் அவருக்கு வேலை வாய்த்தது. பத்தாண்டுக்கு மேல் அவர் வாழ்வு பிற பட்டாளத்து உத்தியோகஸ்தர் வாழ்வினின்று வேறுபட்டதன்று. பின்னர் நீண்ட விடுமுறை பெற்றுத் தாய்நாடு திரும்பியபொழுதுதான் அவர் நிழற்படக் கலையிற் பழகினார். இலண்டனில் 1853இல் நிழற்படச் சங்கம் தோன்றியது. அவ்வாண்டிலேயே அவரும் அதன் உறுப்பினரானார். கப்பல் கட்டும் தளங்களையும் கடற்றுறைகளையும் எடுத்துப் பழகிய கையோடு 1854இல் பங்களூருக்குத் திரும்பினார்.

அவ்வாண்டின் டிசம்பரில் மைசூர் நாட்டுப் பேலூர், ஹளேபீடு முதலிய தலங்களுக்குச் சென்று அவற்றின் கோயில்களைப் படமெடுத்தார். 1855 பிப்ரவரியிற் சென்னையில் நடந்த பெருங்காட்சியில் 68 படங்களை வைத்து முதல்தரப் பதக்கமும் பெற்றார். பொழுதுபோக்காய்த் தொடங்கியது இவ்வாறு அவருடைய தொழிலாக மாறலாயிற்று.

அவ்வாண்டிலேயே கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபு, பர்மிய மன்னர் மிண்டோனிடம் ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். அதனோடு அரசாங்கப் படக்கலைஞராய் டிரைப் சென்றார். மழையும் மேகமும் நோயும் அவரை வருத்தின. எனினும் அமரபுரத் தலைநகரின் மடங்களையும் மாளிகைகளையும் அவர் எடுத்துக்கொண்டு வந்தார். அவற்றுள் 120 காட்சிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் 50 பிரதிகள் ஆயத்தம் செய்தார். ஒரு பிரதிக்கு ஒரு தாளாக, 6000 தாள்களை வெயிலில் உலர்த்தி, வெயிலிற் காட்டி, நீரில் அலசி முடிக்க வேண்டும். அப்பிரயாசையை எண்ணிப் பார்ப்போமாக! சில ஆண்டுகளுள் மிண்டோன் மன்னர் தம் தலைநகரை மாந்தளைக்கு மாற்றினார். அமரபுரத்து மரமாளிகைகள் பிரிக்கப்பட்டன. அந்நகரின் கோலத்தை இன்று கண்ணாற் காண்பதற்கு டிரைப்பின் தாள்களே பெருந்துணை.

அந்நாளிற் கம்பெனியின் இயக்குநர் சபையார், பழஞ்சின்னங்களைச் சித்திரக்காரர் கையால் வரைவிப்பதினும் நிழற்படமாக எடுப்பது செலவு குறைந்தது, பிழையற்றது என்று கருதியிருந்தனர். சென்னையிலும் அக்கலைக்கு ஆதரவு வளர்ந்து வந்தது. கவர்னர் ஹாரிஸ் பிரபு அதனை விரும்பினார். 1850இற் கலைத்தொழிற் பாடசாலை நிறுவிய டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் முதலியோர் 1856இற் சென்னை நிழற்படச் சங்கத்தை ஏற்படுத்தினர். அவ்வாண்டிலேயே டிரைப் சென்னை மாகாண அரசாங்கத்தின் நிழற்படக் கலைஞராக நியமனம் பெற்றார். அழியுமுன் எடுத்து வைத்துவிட வேண்டுமென்பதே அவர் தமக்கு வகுத்துக்கொண்ட நெறி. சிற்பம், கட்டடம், நிலத்தோற்றம் எனப் பழமையாராய்ச்சிக்கும் பிற துறைகளுக்கும் பயன்படுவன யாவும் அதனுள் அடங்கும்.

1857 டிசம்பரில் அவர் தம் பெரும்பயணத்தைத் தொடங்கினார். வடநாட்டிற் சிப்பாய்களின் கிளர்ச்சி இன்னும் ஓயாத காலம் அது. பெட்டி பெட்டியாக மருந்துகளும் தாள்களும் கண்ணாடித் தகடுகளும் காமிராக்களும் மாட்டு வண்டிகளில் ஏறின. சேலம் ஜில்லாவின் இராயக்கோட்டை, திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு என அவர் சென்ற வழி தமிழகத்தின் நெஞ்சினூடே செல்வது. ஏறத்தாழ ஐந்து மாதத்தில் அவர் அப்பயணத்தை முடித்துச் சென்னையை அடைந்தார்.

அப்பயணத்தில் அவருக்கு நேர்ந்த இடர்களை, அம்முறையின் தன்மையை அறிந்தோர் எளிதில் உணரலாம். வெப்பம் மிகுந்தால் மருந்து பூசிய தாள் கெடும். தூசி படிந்தால் புள்ளி விழும். நீர் தூயதாக இல்லையேற் கறை தோன்றும். அம்மருந்து நீலவொளியை விரைந்து பற்றுவது, பசுமையையும் செம்மையையும் பற்ற மறுப்பது. ஆகவே கோபுரம் நன்கு பதியுமளவு காத்திருந்தால், வானம் அளவிறந்த ஒளி பெற்று மேகமின்றித் திட்டுத்திட்டாகும். மரங்களோ கறுத்துத் தோன்றும். டிரைப் தம் நெகடிவுகளின்மேல் வர்ணம் தீட்டி வானத்தைச் சீர்செய்தார். சில படங்களில் மேகங்களையே தூரிகையால் அமைத்தார். மெய்யை நாடிய அக்கலைஞர் இவ்வாறு செய்தது தகுமோ என்று சிலர் வினவலாம். மருந்து பற்றாத மேகத்தை அவர் கை ஈடுசெய்தது. கல்லிலும் சிற்பத்திலும் அவர் கைவைத்திலர் என்பதை நோக்குக.

இனி, தமிழ் பயிலும் நம்மனோர் மறவாது போற்றற்குரிய செயலொன்றைக் கூறுவோம். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்து அடித்தளத்தைச் சூழ நீண்ட கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன. டிரைப் தம் காமிராவைப் படிப்படியாக நகர்த்தி, எழுத்துகள் தொடர்ந்து வரும்படி பகுதி பகுதியாக அவற்றை எடுத்தார். அவ்வாறு எடுத்த 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். ஒரு துண்டில் வெளிச்சம் மிகுந்து மறுதுண்டிற் குறைந்தால் எழுத்துகளின் ஓட்டம் அறுபடும். காமிரா சிறிது சாய்ந்தாலும் வரிகள் பொருந்தா. குளக்கரையில் ஒரேயொரு படத்துக்கு இருமுறை தவறிய நமக்கு, அவ்விருபத்தொன்றின் அருமை நன்கு விளங்கிற்று.

அக்கல்வெட்டுகளை அறிஞர் ஹுல்ஷ் முறையாகப் படித்துத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் தொகுதியின் இரண்டாம் பாகத்தில் வெளியிடத் தொடங்கியது 1891இல். இராஜராஜ சோழன் அக்கோயிலுக்கு அளித்த கொடைகளையும், அங்குத் தொண்டு புரிந்தோர் பெயர்களையும் உலகம் விரிவாக அறிந்தது அதன் பின்னரே. அதற்கு முப்பதாண்டுக்கு மேல் முன்னரே டிரைப் அவ்வெழுத்துகளைத் தாளில் நிறுத்திவிட்டார். பின்னொரு நாள் படிப்போர் வருவர் என்னும் நம்பிக்கையாலன்றி இத்தகைய செயலில் எவர்தாம் இறங்குவர்?

சென்னையை அடைந்தபின், எழும்பூர்க் காட்சிச்சாலையில் மற்றொரு பெரும்பணி அவருக்குக் காத்திருந்தது. வால்டர் எலியட் 1845இல் அமராவதியில் அகழ்ந்தெடுத்த பௌத்தச் சுண்ணாம்புக்கற் சிற்பங்கள் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டிருந்தன. 1858இல் டிரைப் அவற்றை ஒவ்வொன்றாகப் படமெடுத்துத் தொகுத்தார். அடுத்த ஆண்டே அச்சிற்பங்கள் கப்பலேறி இலண்டனுக்குச் சென்றன. இன்று அவை பிரிட்டிஷ் காட்சிச்சாலையில் உள்ளன. மயிலைக்கும் தியாகராய நகருக்கும் அணித்தேயுள்ள எழும்பூரில் அவை சின்னாள் தங்கியிருந்த கோலத்தை, டிரைப்பின் படங்கள் நமக்குக் காட்டுகின்றன.

அவ்விரண்டாண்டும் அவர் இடையறாது உழைத்தார். மதுரை, திருச்சி, தஞ்சை முதலிய ஊர்களின் காட்சிகள் தனித்தனித் தொகுதிகளாகச் சென்னையில் உருப்பெற்றன. இரு கண்ணாற் பார்ப்பது போலத் திண்மை தோன்றச் செய்யும் இரட்டைப் படங்களும் அவற்றோடு வெளிவந்தன.

அந்நிலையில் இடி விழுந்தது. ஹாரிஸ் பிரபு பதவி நீங்க, 1859இல் ஸர் சார்லஸ் டிரெவெலியன் கவர்னராக வந்தார். கிளர்ச்சியை அடக்கிய செலவால் அரசாங்கத்தின் கருவூலம் வறண்டிருந்தது. சிக்கனமே அவர் நோக்கம். நிழற்படப் பகுதி அரசாங்கத்துக்குத் தகாத ஆடம்பரமென்று அவருக்குத் தோன்றியது. அதனை நிறுத்திவிட ஆணையிட்டார். செலவு குறைந்ததென்று ஒருகாற் போற்றி ஏற்கப்பட்ட கலை, சில ஆண்டுகளுக்குள்ளேயே செலவு மிகுந்ததென்று தள்ளப்பட்டது! டிரைப் எஞ்சிய வேலைகளை ஒருவாறு முடித்து, 1860இல் அப்பகுதியை மூடினார். ஒரு மாகாணம் முழுவதையும் படமெடுக்கக் கருதிய அவர், அதன் ஒரு பகுதியையே முடித்திருந்தார்.

அதன்பின் அவர் பட்டாளத்துக்கே திரும்பினார். பெரும்பணி என்று சொல்லத்தக்க எதனையும் அக்கலையில் அவர் மீண்டும் செய்திலர். 1870களில் உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்று, மேஜர் ஜெனரல் என்னும் கௌரவப் பட்டத்தோடு தாய்நாடு சேர்ந்தார். 1902 மார்ச் 2ஆம் நாள், தாம் பிறந்த டெவன்போர்ட்டிலேயே உயிர் நீத்தார். எண்பதாண்டை எட்டவிருந்த வாழ்வில், அக்கலைக்கென அவர் இந்நாட்டிற் செலவிட்ட காலம் ஏறக்குறைய ஆறாண்டே. நெடுங்காலம் அவர் பெயர் நூல்நிலையங்களின் அலமாரிகளிலேயே உறங்கிக் கிடந்தது. 2014இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்திலும், 2015இல் நியூயார்க்கிலும் இலண்டனிலும், அவர் படங்கள் மட்டுமே கொண்ட காட்சி நடைபெற்றது. தஞ்சைக் கல்வெட்டுச் சுருளையும் உலகம் மறுபடி வியந்து நோக்கியது.

இவ்வரலாற்றைப் படித்தபின் நம் முதல் ஐயத்துக்கு வருவோம். டிரைப்பின் மண்டபங்கள் வெறுமையாயிருப்பது, அங்கு மாந்தர் இல்லாமையாலன்று; அவர்கள் அத்தாள் வேண்டிய அளவு நில்லாமையால். ஆகவே அப்படம் பொய்யன்று. எனினும் முழு மெய்யும் அன்று. இதனை உணராதார், தென்னாட்டை ஆளற்ற பாழ்நிலமென்றும், கோயில்களைக் கைவிடப்பட்ட இடிபாடுகளென்றும் கருதிவிடக் கூடும். அவ்வாறு கருதுதல் நம் முன்னோர்க்கு இழைக்கும் அநீதியாகும். அம்மண்டபத்தில் விளக்கேற்றியவர், கடை விரித்தவர், குழந்தையை இடுப்பிற் சுமந்து சென்ற தாய் ஆகிய அனைவரும் அத்தாளைக் கடந்தே சென்றிருப்பர். டிரைப்பின் வண்டியோட்டிகளும், பெட்டி சுமந்தோரும், நீர் முகந்து கொடுத்தோரும் அப்படியே. அவர்தம் உழைப்பின்றி ஒரு தாளும் நிறைவேறியிராது. படத்திற் காணப்படாதவர்களை நினைவிற் காணுதல் அப்படங்களைப் பார்ப்போரின் கடமை என்று நாம் கருதுகின்றோம்.

மற்றொன்றும் நாம் கற்றுக்கொள்ளத் தக்கது. தேர்வு முடிந்த மறுநாளே பயனை எதிர்நோக்கும் பருவம் நம்முடையது. தொடங்கிய செயல் இடையில் முறிந்தால் எல்லாம் வீணென்று மனம் தளர்கின்றோம். டிரைப்பின் பணியும் இடையில் முறிந்ததுதான். ஆயினும் முறிவதற்கு முன் செய்தவற்றை அவர் குறைவறச் செய்திருந்தார். அக்குறைவின்மையே, அதிகாரிகளின் ஆணையையும் ஒன்றரை நூற்றாண்டின் மறதியையும் கடந்து நின்றது.

சென்ற வாரம் மீண்டும் மயிலைக் குளக்கரைக்குச் சென்றோம். இம்முறை காமிராவை ஒரு கரையில் நிறுத்தித் தோழர் ஒருவரைக் காவல் வைத்து, நாம் எதிர்க்கரைக்குச் சென்று, படிக்கட்டில் 30 வினாடி அசையாது அமர முயன்றோம். கொசு கடித்தது, பின்னே எவரோ அழைத்தனர், ஒருமுறை திரும்பிவிட்டோம். படத்தில் உடல் தெளிவாகவும் முகம் கலங்கியும் இருக்கின்றன. அப்படத்தை நம் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கின்றோம். அடுத்த முறை இன்னும் சிறிது நேரம் அசையாதிருக்கக் கூடுமென்று நம்புகின்றோம்.